மரம் நடாதே என்று ஒரு போராட்டம்

மரம் வெட்டாதே என்று போராடியவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற சிப்கோ பெண்கள் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டார்கள். ஆனால் "மரம் நடாதே" என்று யாராவது போராடியிருக்கிறார்களா?

போராடியிருக்கிறார்கள். பிரிட்டனில், அதுவும் இரண்டு முறை. இரண்டு முறையும் பெருமளவு வென்றது நடக்கூடாது என்றவர்கள்தான். இரண்டாவது முறை அப்படிச் சொன்ன அரசு அமைப்பை, வெற்றி கிடைத்த அடுத்த வருடமே உடைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது!

இதை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமுக்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். ஊருக்கு வெளியே இருந்த மேய்க்கால் புறம்போக்கில் ஒரே நாளில் ஐந்நூறு கன்று நட்டோம். போட்டோ எல்லாம் எடுத்தாயிற்று. அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, "ஏன் தம்பி, இங்க வேலி போட்டுட்டா எங்க ஆட்ட எங்க ஓட்டிட்டுப் போறது?" என்று கேட்டார்.

"தரிசா கிடக்குற இடம்தானே தாத்தா" என்றேன் நான்.

"தரிசா? நெதம் நூறு ஆடு மேயுது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பதில் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மரம் நடுவதை எதிர்ப்பவர்கள் வேறு எங்காவது உண்டா என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். கிடைத்தது இந்த வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மூர் என்றால் என்ன?

ஆங்கில நாவல்களில் அடிக்கடி "மூர்" என்று ஒரு நிலம் வரும். காற்று வீசும், பனிமூட்டம் இருக்கும், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம்கூட இருக்காது. ஹெதர் என்ற குட்டைப் புதரும் புல்லும் பாசியும்தான். தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை, ஏனென்றால் நம்மிடம் அந்த நிலம் இல்லை. திறந்த மேட்டுநிலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. அந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஒன்று, மனிதனால் திறந்தவெளி ஆனது. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் அங்கே காடு இருந்தது. மனிதர்கள் வெட்டினார்கள், எரித்தார்கள், ஆடு மாடு விட்டார்கள். ஆடு தொடர்ந்து மேய்வதால் மரம் திரும்ப முளைப்பதில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து மலைகள் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாவது, தண்ணீரால் திறந்தவெளி ஆனது. ஓயாத மழை, குளிர், வடிகால் இல்லாத தரை. அங்கே ஸ்ஃபாக்னம் என்ற பாசி வளரும். தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைக்கக்கூடிய பாசி அது. செத்த பாசி அந்த ஈரத்தில் முழுதாக மக்குவதில்லை. அதன்மேல் அடுத்த பாசி, அதன்மேல் அடுத்தது. இப்படிச் சேரும் கறுப்பு மண்ணுக்குப் "பீட்" என்று பெயர். சராசரியாக வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேரும். அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆயிரம் வருடம்! ஸ்காட்லாந்தின் வடகோடியில், கேத்னஸ், சதர்லாந்து என்ற இரண்டு பகுதிகளில் பரவியிருக்கும் "ஃப்ளோ கன்ட்ரி" இந்த வகை. சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. சில இடங்களில் பீட்டின் ஆழம் 10 மீட்டர் வரை இருக்கும்.

காட்டுத் துறையைப் பெற்றெடுத்த போர்

இந்த நிலத்தில் மரம் நடும் ஆசை எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போரிலிருந்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் நிலப்பரப்பில் சுமார் 5 சதவீதம்தான் காடு. மரத்தில் பெரும்பங்கு கப்பலில் வந்து இறங்கியது. போர் வந்ததும் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்தன. பதுங்குகுழிக்கு மரம் வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையைத் தாங்கவும் மரம் வேண்டும். மரம் இல்லாவிட்டால் கரி இல்லை, கரி இல்லாவிட்டால் கப்பலும் ரயிலும் ஓடாது.

பயந்துபோன அரசு 1919-ல் வனக் கமிஷனை உருவாக்கியது. அடுத்த போருக்கு முன் மரம் வளர்த்துவிட வேண்டும் என்பதுதான் அதன் வேலை. நல்ல நிலத்தில் உணவு விளைய வேண்டும், ஆகவே கமிஷனுக்குக் கிடைத்தது விவசாயத்துக்கு ஆகாத மலிவான மேட்டுநிலம். அங்கே வேகமாக வளரும் மரம் எது? வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ், லாட்ஜ்போல் பைன் போன்ற ஊசியிலை மரங்கள். வரிசை வரிசையாக, ஒரே வயதில், ஒரே உயரத்தில்.

கமிஷன்காரர்களைக் குறை சொல்ல முடியாது. நாடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு மூர் என்பது சும்மா கிடக்கும் நிலம்.

முதல் சுற்று: ஏரி மாவட்டம்

ஏரி மாவட்டம் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் ஊர். அவரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரிகளைப் பற்றி எழுதிய வழிகாட்டி நூலில், பணக்காரர்கள் மலைச்சரிவில் நட்ட லார்ச் மரத் தோட்டங்களைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். ஆகவே இந்தச் சண்டை வனக் கமிஷனைவிட நூறு வருடம் மூத்தது.

1920களில் கமிஷன் என்னர்டேல் பள்ளத்தாக்கை வாங்கி ஸ்ப்ரூஸ் நட்டது. மரம் வளர வளர, மலைச்சரிவில் கோடு போட்டு வெட்டிய மாதிரி இருண்ட பச்சைச் சதுரங்கள் தெரிய ஆரம்பித்தன. மலையேற வந்தவர்களை வேலி தடுத்தது. மேய்ந்துகொண்டிருந்த ஹெர்ட்விக் ஆடுகள் வெளியேறின.

1930களின் நடுவில் கமிஷன் எஸ்க்டேல், டன்னர்டேல் பள்ளத்தாக்குகளில் ஏறக்குறைய 7,000 ஏக்கர் வாங்கியது தெரிந்ததும் எதிர்ப்பு வெடித்தது. 1934-ல் தொடங்கப்பட்ட ஏரி மாவட்ட நண்பர்கள் என்ற சங்கமும், கிராமப்புற இங்கிலாந்துப் பாதுகாப்புக் குழுவும் களத்தில் இறங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஹெச்.ஹெச். சைமண்ட்ஸ் என்ற பாதிரியார் 1936-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

கமிஷனின் பதிலும் லேசானதல்ல. அது பொருளாதார மந்த காலம். பக்கத்தில் கம்பர்லாந்தின் மேற்குக் கரையில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். காடு வளர்த்தால் வேலை கிடைக்கும். விடுமுறைக்கு வந்து போகிறவர்களின் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக உள்ளூர்க்காரன் பட்டினி கிடக்க வேண்டுமா?

கடைசியில் 1936-ல் ஓர் உடன்பாடு வந்தது. ஏரி மாவட்டத்தின் மையத்தில் சுமார் 300 சதுர மைல் பரப்பில் காடு வளர்ப்புக்காக நிலம் வாங்குவதில்லை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. ஏற்கனவே வாங்கிய நிலம் முழுவதும் அந்த எல்லைக்குள் வரவில்லை, அதனால் சண்டை அதோடு தீரவுமில்லை. ஆனாலும் ஓர் அரசுத் துறை பொதுமக்கள் எதிர்ப்புக்காகத் தானே கோடு கிழித்துக்கொண்டு நின்றது பெரிய விஷயம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சுற்றில் முக்கியமான வாதம் அழகு. திறந்த மலையின் அழகு கெடுகிறது என்பதுதான். அந்த மலையும் ஒரு காலத்தில் காடாக இருந்ததுதானே என்று கேட்டால், இவர்களிடம் வலுவான பதில் இல்லை.

இரண்டாம் சுற்று: ஃப்ளோ கன்ட்ரி

பல காலம் ஃப்ளோ கன்ட்ரி தப்பித்துக்கொண்டிருந்தது. காரணம் எளிது, அந்தச் சேற்றில் மரம் வளராது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சதுப்பில் ஓடக்கூடிய டிராக்டரும் ஆழமாக உழும் கலப்பையும் வந்தன. ஆழமாகச் சால் ஓட்டித் தண்ணீரை வடித்து, புரட்டிப் போட்ட மேட்டில் கன்றை நட்டு, உரம் போட்டால் மரம் பிழைக்கும் என்று ஆனது.

ஆனால் பிழைத்த மரத்தால் லாபம் உண்டா? 1972-லேயே அரசு நடத்திய செலவு–பலன் ஆய்வு, காடு வளர்ப்பு பொருளாதார ரீதியில் லாபகரமாக இல்லை என்று காட்டிவிட்டது. சதர்லாந்தில் நட்ட லாட்ஜ்போல் பைன் மரங்களை 1970களின் பிற்பகுதியிலிருந்து ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் மொட்டையடித்தன. அப்படியிருந்தும் 1980களில் நடவு வேகம் எடுத்தது.

ஏன்? இங்கேதான் கதையின் முக்கியமான முடிச்சு இருக்கிறது.

அன்றைய பிரிட்டனில் வருமான வரியின் உச்ச விகிதம் 60 சதவீதம். ஒரு பணக்காரர் காடு வளர்க்கப் பணம் செலவழித்தால், அதைத் தன் மற்ற வருமானத்தில் நஷ்டமாகக் கழித்துக்கொள்ளலாம். 100 பவுண்டு செலவழித்தால் 60 பவுண்டு வரி மிச்சம். நடவுக்கு அரசு மானியம் தனி. சில வருடம் கழித்து அந்தத் தோட்டம் கைமாறினால், வேறு வரிப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். அந்தப் பிரிவில் மரத்தின் வருமானத்துக்கு வரி கிடையாது, வெறும் நிலத்தின் மதிப்பில் ஒரு சிறு பங்குக்குத்தான் வரி. செலவு செய்யும்போதும் சலுகை, சம்பாதிக்கும்போதும் சலுகை!

இந்தக் கணக்கில் நிலம் எவ்வளவு மட்டமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் விலை குறைவு. சதுப்பைவிட மலிவான நிலம் எங்கே கிடைக்கும்? தனியார் காடு வளர்ப்பு நிறுவனங்கள் ஃப்ளோ கன்ட்ரியை வாங்கிப் பிரித்து, தெற்கே இருந்த பணக்காரர்களுக்கு முதலீடாக விற்றன. பாட்டுக்காரர்கள், விளையாட்டு வீரர்கள், தொலைக்காட்சிப் பிரபலங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. தன் காட்டைப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. மரம் நன்றாக வளர்ந்ததா என்பதைவிட, நட்டாயிற்றா என்பதுதான் கேள்வி.

பறவையும் பீட்டும்

முதலில் குரல் கொடுத்தது பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கம், 1985-ல். 1987-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பே ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பெயர் "பறவைகள், சதுப்புகள், காடு வளர்ப்பு" என்று பொருள்படும். சுமார் 79,000 ஹெக்டேர் ஏற்கனவே நடப்பட்டுவிட்டது அல்லது நடுவதற்குத் திட்டமிடப்பட்டுவிட்டது என்றது அது. பச்சைக்கால் உள்ளான், டன்லின், தங்க உப்புக்கொத்தி போன்ற கரையோரப் பறவைகள் கூடுகட்டும் இடம் இது. அவற்றின் ஜோடிகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இந்தப் பகுதியில் இடம் இழந்துவிட்டதாகக் கணக்கிட்டது.

பிரச்சினை நட்ட இடத்தோடு நிற்பதில்லை என்றும் விளக்கினார்கள். மரம் தண்ணீரை உறிஞ்சும். பீட் காய்ந்து சுருங்கி வெடிக்கும். தோட்டத்தில் நரியும் காக்கையும் குடியேறி, பக்கத்துத் திறந்தவெளியில் முட்டைகளைத் தின்னும். பறவைகளும் மர ஓரத்தை நெருங்கப் பயப்படும்.

இனி இங்கே மரம் நடுவதையே நிறுத்த வேண்டும் என்று அந்த அமைப்பு கேட்டது. ஏரி மாவட்டத்தில் இல்லாத ஒரு வாதம் இப்போது கையில் இருந்தது. இங்கே வெட்டப்பட்ட காடு என்று எதுவும் இல்லை. பல ஆயிரம் வருடமாக இது சதுப்புதான். மீட்டெடுக்க இங்கே காடே கிடையாது.

உள்ளூர்க்காரர்கள் சொன்னது

இந்த இடத்தில் "ஆகா, நல்லவர்கள் வென்றார்கள்" என்று முடித்துவிடலாம். ஆனால் உள்ளூரில் கோபம் கொந்தளித்தது. அறிக்கை வெளியிடப்பட்டது ஸ்காட்லாந்தில் அல்ல, லண்டனில்! அறுநூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊரில் என்ன செய்யலாம் என்று சொல்ல நீங்கள் யார் என்று கேட்டார்கள்.

அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சதர்லாந்தில் இன்று ஆளில்லாமல் இருக்கும் பள்ளத்தாக்குகளில் ஒரு காலத்தில் ஊர்கள் இருந்தன. 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களை வெளியேற்றி வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதை நடத்திய எஸ்டேட் அதிகாரி பேட்ரிக் செல்லர் மேல் வழக்கு வந்தது, 1816-ல் விடுதலையும் ஆனார். வெளியேறியவர்கள் கடற்கரையில் பிழைத்தார்கள், கப்பலேறியும் போனார்கள். அவர்கள் இருந்த இடத்துக்கு லாபம் தரும் செம்மறி ஆடு வந்தது, பிறகு பணக்காரர்கள் வேட்டையாட மான் வந்தது. இப்போது பறவை. எங்களுக்கு எப்போது முறை வரும் என்று அவர்கள் கேட்டால் அதில் என்ன தவறு? உழவு, வேலி, நடவு என்று கொஞ்சம் வேலையாவது காடு கொடுத்தது.

இதுவரை படித்ததில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய இடம் இதுதான். பறவைக்காகப் பேசியவர்கள் சொன்னது சரி. உள்ளூர்க்காரர்களின் கேள்வியும் நியாயம். இருவருக்கும் நடுவில் நிஜமாகவே லாபம் பார்த்தவர், அந்த நிலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத வரிக் கணக்குக்காரர்.

ஒரே நாளில் முடிந்தது

முடிவு வந்தது பறவை அறிக்கையிலிருந்து அல்ல, பட்ஜெட்டிலிருந்து. 1986 கடைசியில் தேசியத் தணிக்கை அலுவலகமும், அடுத்து பாராளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவும், இந்தச் சலுகையால் பொதுப்பணத்துக்கு என்ன பலன் என்று கேள்வி எழுப்பியிருந்தன. 1988 மார்ச் 15 அன்று நிதியமைச்சர் நைஜல் லாசன் வணிகக் காடுகளை வருமான வரியிலிருந்தே முழுவதுமாக வெளியே எடுத்தார். இனி வரியும் இல்லை, கழிவும் இல்லை. அதே பட்ஜெட்டில் உச்ச வரி 60-லிருந்து 40 சதவீதமானது. ஃப்ளோ கன்ட்ரியில் மரம் நடும் அவசரம் அதோடு அடங்கிவிட்டது. இதைவிட அந்தக் காட்டின் உண்மையான வேர் எது என்பதற்குச் சாட்சி வேண்டுமா?

பழியும் வாங்கப்பட்டது. 1989-ல் அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று மூன்றாகப் பிரிக்கப்போவதாக அறிவித்தார். 1991-ல் அது நடந்தது. ஃப்ளோ கன்ட்ரி சண்டையில் ஸ்காட்லாந்தில் சம்பாதித்த பகையே முக்கியக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

1995-ல் பறவைச் சங்கம் ஃபோர்சினார்டில் நிலம் வாங்கியது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்ட மரங்களை வெட்டினார்கள். விற்க முடியாத இளமரங்களைச் சாலிலேயே போட்டு விட்டார்கள். வடிகால்களை அடைத்துத் தண்ணீரைத் திரும்பத் தேக்கினார்கள். நடுவதற்கும் பொதுப்பணம், பிடுங்குவதிலும் பொதுப்பணம்!

அன்று யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று இன்று முன்னுக்கு வந்துவிட்டது. ஃப்ளோ கன்ட்ரியின் பீட்டில் சுமார் 40 கோடி டன் கார்பன் இருக்கிறது. பிரிட்டனின் எல்லாக் காடுகளிலும் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்கிறார்கள். பீட் காய்ந்தால் அது காற்றில் கலக்கும். ஆழமான பீட்டில் மரம் நட்டால் பூமி குளிர்வதற்குப் பதில் சூடாகலாம். அதனால்தான் 50 செண்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள பீட்டில் புதிதாக மரம் நடக்கூடாது என்று இப்போது பிரிட்டனின் வன விதிகளே சொல்கின்றன.

2024 ஜூலையில் ஃப்ளோ கன்ட்ரி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் நடந்தது எங்கே தெரியுமா? நம் புதுடெல்லியில்.

நம் மலையில்

இதே கதை நம் மலையிலும் நடந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் பள்ளங்களில் சோலை, மேட்டில் புல்வெளி. ஆங்கிலேயர்கள் கண்ணுக்கு அந்தப் புல்வெளி வெற்றிடமாகத் தெரிந்தது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது, சீகை மரமும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. தோல் பதனிடப் பட்டை, ரேயான் ஆலைக்கு மரக்கூழ் என்று நம் அரசே இன்னும் பெரிய அளவில் நட்டது. பழனி மலையில் நாற்பது வருடத்தில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது. தோடர்களின் எருமைக்கு மேய்ச்சல் போனது, வரையாட்டுக்கு வீடு போனது. ஆனால் ஏரி மாவட்டத்தைப்போல 300 சதுர மைலுக்குக் கோடு கிழிக்கச் சொல்லும் செல்வாக்கு தோடர்களுக்கு இருக்கவில்லை.

மரம் நடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டிய காட்டைத் திரும்ப வளர்ப்பது நல்லது, தெருவுக்கு நிழல் நல்லது. ஆனால் நடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று இந்த வரலாறு சொல்கிறது. ஒன்று, இங்கே ஏற்கனவே என்ன இருக்கிறது, யார் பிழைக்கிறார்கள்? இரண்டு, நமக்குக் கிடைக்கும் பாராட்டோ பணமோ மரம் வளர்ந்ததற்கா, வெறுமனே நட்டதற்கா?

எங்கள் முகாம் அறிக்கையில் "தரிசு நிலத்தில் 500 மரக்கன்றுகள்" என்று எழுதியவன் நான்தான். ஐந்நூறு என்பது சரியான எண்ணிக்கை. தரிசு என்ற சொல்தான் தவறு. அடுத்த முகாம் அதே ஊரில் என்றால், முதலில் அந்தத் தாத்தாவைத் தேடிப்போய், ஆடு எங்கே மேய்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட வேண்டும்.